கேரம் போர்டின் மேலிருக்கும் கட்டுகளைக் கொஞ்சம் எடுங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அய்யா அவர்களுக்கும் சிண்டிகேட் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் மனமகிழ் மன்றம் என்று ஓர் அறை உண்டு. பெயர்ப்பலகை இன்னும் தொங்குகிறது. உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகளும் தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் (NAAC) குழுவுக்காக நாங்கள் தயாரித்த கோப்புகளும் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன. அடியில் ஒரு கேரம் போர்டு. சிவப்புக் காயைக் காணோம். பின்னாலிருக்கும் ஷட்டில் கோர்ட்டின் சாவி எஸ்டேட் அலுவலகத்தில். அதை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் துறையை விட்டு வெளியே வருவதும் ஐந்து மணிக்குத்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. மொத்த வேலை 40 மணிக்குக் குறையக்கூடாது. அந்தக் 'குறையக்கூடாது' மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் 'மிக அவசரம்' என்று ஒரு எக்செல் படிவம் வரும். போன வாரம் கொடுத்த அதே விவரம்தான், கட்டங்கள் மட்டும் வேறு.

எனக்கு 41 வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. "தினம் அரை மணி நடங்க சார்" என்றார் டாக்டர். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். எங்கே நடப்பது? எங்கள் ஊர்ச் சாலையில் அறுவடைக் காலத்தில் நெல் காயும்; மற்ற நாளில் லாரிக்கு ஒதுங்கவே இடமில்லை.

கும்பகோணத்தில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் மாலையானால் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்திருப்பார்கள். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்துவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். யாப்பில் எனக்கிருந்த பாதிச் சந்தேகம் தீர்ந்தது அந்தப் படிகளில்தான். அவர்களும் விடைத்தாள் திருத்தியவர்கள்தான்.

ஜூன் 21 அன்று யோகா தினம் நடத்துகிறோமே என்பீர்கள். நடத்துகிறோம். ஜமுக்காளம் விரிப்பதிலிருந்து ஜியோ டேக் போட்டோவை ஏற்றுவது வரை அதுவும் எங்கள் வேலைதான்.

புதுக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. கட்டுகளை வேறு அறைக்கு மாற்றுங்கள். சாவியை ஏழு மணி வரை வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள். அந்த நேரத்தில் ஆன்லைன் மீட்டிங் வேண்டாம். பெண் ஆசிரியர்களைக் கேட்டால், வீட்டில் அடுத்த ஷிப்ட் காத்திருக்கிறது, மாலை ஒத்துவராது என்கிறார்கள். அவர்களுக்கு மதிய இடைவேளையில் அறை திறந்திருக்க வேண்டும். அப்புறம், கௌரவ விரிவுரையாளர்கள். எங்களுக்குச் சமமாக வகுப்பெடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மன்றம் நிரந்தரப் பணியாளருக்கு மட்டும் என்று மறுபடி ஒரு சுற்றறிக்கை வருமானால், அந்த அறை பூட்டியே இருக்கட்டும்.

சிவப்புக் காயை நான் கும்பகோணத்தில் வாங்கி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உதவிப் பேராசிரியர் ஒருவர்