மழைக் காப்பீட்டுக் கணக்கை விவசாயியிடம் காட்டுங்கள்

ஆசிரியருக்கு,

பயிர்க் காப்பீடு என்றாலே சோதனை அறுவடைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துடன் 2016-ல் வந்த, வானிலையை அடிப்படையாகக் கொண்ட மறுசீரமைக்கப்பட்ட திட்டம் வேறு வகை. அதில் விளைச்சலை யாரும் எடை போடுவதில்லை. குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் பதிவான அளவே இழப்பீட்டைத் தீர்மானிக்கிறது. அதனால் ஒப்பந்தத்தில் உள்ள நாலைந்து எண்கள்தான் விவசாயிக்கு எல்லாமே.

மானாவாரி மிளகாய்க்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். குறிப்பிட்ட 45 நாளில் மழை 200 மி.மீ.க்குக் கீழே போனால், குறையும் ஒவ்வொரு மி.மீ.க்கும் ஏக்கருக்கு ரூ.100. மழை 80 மி.மீ.யோ அதற்கும் குறைவோ என்றால் முழுத்தொகை ரூ.12,000. மழை 140 மி.மீ. என்றால் ரூ.6,000 கிடைக்கும்.

இதற்கு நியாயமான விலை என்ன? அந்த நிலையத்தின் 30 ஆண்டு மழைப் பதிவை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் இதே ஒப்பந்தம் இருந்திருந்தால் எவ்வளவு கொடுத்திருக்கும் என்று கணக்கிட வேண்டும். ஆறு ஆண்டுகளில் முறையே 20, 30, 50, 60, 90, 110 மி.மீ. குறைந்தது என்று வைப்போம். மொத்தம் 360 மி.மீ., அதாவது ரூ.36,000. முப்பதால் வகுத்தால் ஆண்டுக்கு ரூ.1,200. இதோடு நிர்வாகச் செலவும், மோசமான ஆண்டைத் தாங்குவதற்காக நிறுவனம் ஒதுக்கி வைக்கும் முதலுக்கான செலவும் சேரும். வணிகப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம், இங்கே ரூ.600, மிச்சம் அரசுகளின் மானியம், அதாவது மக்கள் பணம்.

இப்போது 200 என்ற வரம்பை மட்டும் 170 ஆக்கிப் பாருங்கள். அதே ஆறு ஆண்டுகளில் இரண்டுக்கு ஒன்றும் கிடைக்காது. மற்ற நான்கில் குறைவு 190 மி.மீ.தான். ஆண்டுச் சராசரி ரூ.633. வெறும் 30 மி.மீ. நகர்த்தியதில் ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ பாதி போய்விட்டது. ரசீதை மட்டும் பார்க்கும் விவசாயிக்கு இது தெரியவே தெரியாது.

மொத்த மழையை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. ஒரே புயலில் 200 மி.மீ. கொட்டி, பிறகு 25 நாள் காய்ந்தால் செடி வாடிவிடும்; கணக்கில் மழை போதுமானதாகவே நிற்கும். ஒரு நாளில் எண்ணப்படும் மழைக்கு உச்சவரம்பும், தொடர் வறண்ட நாட்களுக்குத் தனிக் காப்பும் இல்லாத ஒப்பந்தம் மானாவாரிக்கு உதவாது.

தரவுகளில் வரும் பிழை இன்னும் மோசம். பதிவு விட்டுப்போன நாளைப் பூஜ்யம் என்று நிரப்பினால், பழைய ஆண்டுகள் பொய்யாக வறண்டு பிரீமியம் ஏறும். தானியங்கி மழைமானியின் புனலில் இலையோ பறவை எச்சமோ அடைத்தால், பெய்த மழை பதிவாகாது. தூசு ஏறிய கருவியைத் துடைக்க ஆள் வேண்டும். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது. இரவு பெய்த மழை மறுநாள் தேதியில் ஏறும். காப்புக் காலத்தின் முதல், கடைசி நாட்களில் இதனால் இழப்பீடே மாறலாம்.

இன்னொன்று: பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறையும் என்பதையே வடகிழக்குக்கும் பொருத்தக் கூடாது. தமிழகத்தில் அந்த ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். ஆகவே 30 ஆண்டுச் சராசரியோடு, அதே கடல்நிலை இருந்த ஆண்டுகளைத் தனியே எடுத்தும் பார்க்க வேண்டும்.

நிலையத்தின் பெயர், வயலிலிருந்து அதன் தூரம், காப்புத் தேதிகள், தொடக்க வரம்பு, முழுத்தொகை வரம்பு, மி.மீ.க்கு எவ்வளவு ரூபாய் ஆகியவற்றை ரசீதிலேயே தமிழில் அச்சிட வேண்டும். 30 ஆண்டுக் கணக்கு அட்டவணையைக் காப்பீட்டில் சேர்ப்பது தொடங்கும் முன்பே கூட்டுறவுச் சங்கத்தில் ஒட்ட வேண்டும். பருவம் முழுக்க, முந்தைய நாள் மழை அளவைத் தினமும் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். தவறு இருந்தால் அதே வாரத்தில் ஆட்சேபிக்க விவசாயிக்கு அப்போதுதான் வழி கிடைக்கும்.

இப்படிக்கு,
பயிர்க் காப்பீட்டுக் கணிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
மதுரை