நைசியாவில் நடந்தது வாக்கெடுப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கி.பி. 325இல் நைசியாவில் (இன்றைய துருக்கியில் உள்ள ஊர்) சங்கமாகக் கூடிய ஆயர்கள்தான் இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. இயேசுவுக்கு வழிபாடு அதற்கு வெகு முன்பே இருந்தது. 'மகன் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு', அதாவது மகனாகிய இயேசு படைக்கப்பட்டவர் என்ற, அலெக்சாந்திரியா குரு ஆரியுஸின் கருத்துதான் அங்கே வழக்கு. சங்கம் ஏற்ற கிரேக்கச் சொல் 'ஹோமோஊசியோஸ்': மகன் தந்தையோடு ஒரே பொருளானவர், அதாவது தந்தையின் அதே இறைத்தன்மை உடையவர். அது வேதாகமத்தில் இல்லாத சொல் என்பதால் ஆரியுஸை ஏற்காதவர்களே பலர் தயங்கினார்கள். சண்டை அரை நூற்றாண்டு நீண்டது. நைசிய முடிவைக் காத்து நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் நைசிய நம்பிக்கையை உறுதிசெய்தது. கிறிஸ்து 'ஒரே ஆள், இரு இயல்புகள்' (இறை இயல்பு, மனித இயல்பு) என்ற 451ஆம் ஆண்டு கல்செதோன் சங்கத்தின் முடிவு தனி விவாதம். காப்டிக், அர்மீனிய, சிரிய மரபுவழித் திருச்சபைகள் அதை இன்றும் ஏற்பதில்லை. நைசியா, கல்செதோன் இரண்டையும் தயவுசெய்து குழப்ப வேண்டாம்.

— ஒரு வாசகர்