'அழித்துவிடுகின்றன' என்ற சொல் சரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பகுதியில், 'அயனிச் சேர்மங்களுக்கு (மின்சுமை ஏறிய அணுக்களான அயனிகள் சேர்ந்த, உப்பு போன்ற பொருள்களுக்கு) ஏன் மின்சுமை இல்லை?' என்ற கேள்விக்கு, நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன என்று பதில் வந்திருந்தது. பல வருடம் வேதியியல் வகுப்பெடுத்தவள் நான். விடைத்தாள்களில் இதே சொல்லைச் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துக் கை வலித்ததுதான் மிச்சம். அச்சிலும் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

எதுவும் அழியவில்லை. சோடியமும் குளோரினும் சேர்ந்த சாப்பாட்டு உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் அணுவில் நேர்மின்சுமையுள்ள புரோட்டான் 11, எதிர்மின்சுமையுள்ள எலக்ட்ரான் 11. குளோரின் அணுவில் இரண்டும் 17. ஓர் எலக்ட்ரான் இங்கிருந்து அங்கே போகிறது, அவ்வளவுதான். சோடியம் 10 எலக்ட்ரானோடு நேர் அயனி ஆகிறது, குளோரின் 18 எலக்ட்ரானோடு குளோரைடு என்ற எதிர் அயனி ஆகிறது. இரண்டையும் சேர்த்து எண்ணினால் முன்பும் 28-க்கு 28, பின்பும் 28-க்கு 28.

இப்படிச் சொல்லி முடித்த ஒரு நாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சரி மிஸ், உப்புக் கரைசலை வற்றவைத்து உப்பு எடுக்கும்போது எலக்ட்ரான் எதுவும் கைமாறவில்லையே. சோடியம் அயனி மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஒட்டிக்கொண்டால்?" நியாயமான கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

மறுநாள் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 1 கிராம் உப்பிலுள்ள சோடியம் அயனிகளின் மின்சுமையை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 1,650 கூலும் (மின்சுமையை அளக்கும் அலகு) வருகிறது. ஒரு மின்னல் வெட்டில் இறங்குவதே சாதாரணமாகச் சில பத்து கூலும்தான். அந்தச் சோடியம் அயனிகளை ஒரு பக்கமும் குளோரைடு அயனிகளை 1 மீட்டர் தள்ளியும் குவித்து வைத்தோம் என்று வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் விசை, சுமார் 2.5 லட்சம் கோடி டன் எடைக்குச் சமம். கேட்டவளே வாயைப் பிளந்துவிட்டாள். படிகம் வளரும்போது ஒரு பக்கம் சோடியம் கொஞ்சம் கூடினாலும் போதும், அடுத்து வரும் சோடியத்தை அது விரட்டும், குளோரைடை இழுக்கும். சமநிலை தானாக வந்து சேரும். உரசினால் உப்புத் தூளிலும் துளி மின்னேறத்தான் செய்யும், ஆனால் இந்தக் கணக்கின் முன் அது ஒன்றுமே இல்லை.

சேர்மத்தில் எந்த அணு எத்தனை என்று காட்டும் வேதி வாய்ப்பாடு பிறப்பதும் இந்தச் சமநிலையிலிருந்துதான். அலுமினிய அயனிக்கு 3 நேர், ஆக்சிஜனின் அயனியான ஆக்சைடுக்கு 2 எதிர். இரண்டுக்கு மூன்று என்று சேர்ந்தால் 6-க்கு 6. பிள்ளைகளோ இணைதிறனை (ஓர் அணு பிறவற்றோடு சேரும் திறனைக் காட்டும் எண்) மாற்றிப் போடும் குறுக்குவழியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, ஒன்றுக்கு ஒன்று போதுமான மெக்னீசியம் ஆக்சைடுக்கு இரண்டு மெக்னீசியம், இரண்டு ஆக்சிஜன் என்று எழுதி வைப்பார்கள். மூன்று இரும்பும் நான்கு ஆக்சிஜனும் உள்ள மேக்னடைட் வந்தால் அந்த வழியே முட்டிக்கொண்டு நிற்கும். அதில் இரண்டு இரும்புக்கு 3, ஒன்றுக்கு 2, ஆக மொத்தம் 8 நேர். நான்கு ஆக்சைடுக்கும் சேர்த்து 8 எதிர். குறுக்குவழி தெரியாவிட்டாலும் கூட்டத் தெரிந்தால் போதும்.

மின்சுமைகள் அழிந்துவிட்டன என்றால் இன்னொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். திட உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. அதையே 801 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கினால் நன்றாகக் கடத்தும். மின்சாரத்தைச் சுமந்து போவது அதே சோடியமும் குளோரைடும்தான். படிகத்தில் இடம்பெயர முடியாமல் நின்றிருந்தவை, உருகியதும் நகர்கின்றன. அழிந்து போனவை எங்கிருந்து திரும்பி வந்தன?

அடுத்த இதழில் 'அழித்துவிடுகின்றன' என்பதை எடுத்துவிட்டு 'சம அளவில் இருக்கின்றன' என்று ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை