கானாவாழைக்கு ஒரு வேலியோரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் தெருமுனைப் பூங்காவின் வேலியோரம் முழுவதும் கானாவாழை படர்ந்து நீலமாகப் பூத்திருந்தது. சென்ற வாரம் அதைக் களை என்று கருதி மருந்தடித்துக் கருக்கிவிட்டார்கள். பட்டாம்பூச்சிக்கும் தேனீக்கும் என்று பலகை வைத்துத் திறந்த பூங்காவிலேயே இது நடந்தது என்பதுதான் என் வருத்தம்.

கானாவாழை மழையில் முளைத்து, பூத்து, வெயில் ஏற ஏறக் காய்ந்து, விதையாக மண்ணில் காத்திருக்கும் செடி. அதன் பூ காலையில் விரிந்து அன்று பிற்பகலுக்குள் சுருங்கிவிடும். மேலே நீல இதழ்கள் இரண்டு விரிந்திருக்க, மூன்றாவது இதழ் அவற்றின் கீழே சிறுத்து வெளிறியிருக்கும். இப்பூவில் தேன் கிடையாது. வருகிற பூச்சிக்கு மகரந்தம்தான் கூலி. நடுவே பளிச்சென்று தெரியும் மஞ்சள் கேசரங்கள் (மகரந்தத் தாள்கள்) பெரும்பாலும் கவர்ச்சிக்காக நிற்பவை. விதைக்கு உதவும் மகரந்தம் அவற்றுக்குக் கீழே நீண்டிருக்கும் கேசரங்களில் இருக்கிறது. வயிற்றில் நீல வரிகள் கொண்ட தேனீ காலை நேரத்தில் இப்பூவைத் தேடி வருவதை என் வீட்டுக் கொல்லையில் பலமுறை பார்த்திருக்கிறேன். அது அடை கட்டிக் கூட்டமாக வாழாமல், மண்ணில் தனித்தனியே வளை தோண்டி முட்டையிடும் இனம். மருந்து விழுந்ததும் அத்தகைய மண்ணின் மேல்தான்.

இச்செடி மண்ணுக்கடியிலும் பூக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். வெளிறிய தண்டுகளில் தோன்றும் அப்பூக்கள் விரியாமலேயே, தம் மகரந்தத்தைக் கொண்டே விதை கட்டிவிடும். ஆகவே மேலே கருகினாலும் அடுத்த மழைக்கு அது மீண்டும் முளைக்கும்.

வயலில் இது பெருந்தொல்லை என்று உழவர்கள் சொல்வது முற்றிலும் நியாயமானது. பயிர் நிலத்தருகே இதை வளர்க்கச் சொல்ல மாட்டேன். ஊருக்குள் இருக்கும் பூங்காவில், நடைபாதைக்கு அப்பால் பத்தடி நீள வேலியோரம் போதும். ஒரு சாண் தண்டை ஈரமண்ணில் பதித்தால் கணுவுக்குக் கணு வேர் பிடித்துக்கொள்ளும். எல்லை தாண்டுவதைக் கையால் பிடுங்கலாம். பிடுங்கியதை அங்கேயே குவித்தால் மறுபடி வேர்விடும் என்பதால், ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

கார்த்திகை மழை இன்னும் மீதமிருக்கிறது. அந்த வேலியோரத்தில் இனி மருந்தடிக்க வேண்டாம் என்று பூங்காப் பொறுப்பாளர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.