மழைநீர் பாயும் படிக்கட்டே வெளியேறும் ஒரே வழியாக உள்ள நிலையைப் பருவமழைக்கு முன் மாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையின் கீழ்ச்சரிவில் குடியிருப்போர்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
தலைவர், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம்,
உதகமண்டலம்.

பார்வை: இதே பொருள் குறித்துப் பல அலுவலகங்களில் நாங்கள் முன்னர் அளித்து, ஒப்புகைச் சீட்டு பெற்ற மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு அளித்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டையும், "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரியையும் தவிர வேறு பதில் எதுவும் வராத நிலையில், வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பாகவே இதைத் தங்கள் நேரடிப் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும் என்று குடியிருப்பில் அனைவரும் கூடிப் பேசி இம்மனுவைப் பணிவுடன் அளிக்கிறோம். எங்கள் இடம் தங்களுக்குத் தெரியாததன்று. சென்ற பருவமழையில் கற்பூர மரம் சாய்ந்து போக்குவரத்து நின்றபோது தாங்கள் வந்து பார்வையிட்ட வளைவிலிருந்து கீழே தெரிந்த தகரக் கூரைகள் எங்களுடையவைதாம். எங்களில் பாதிப்பேர் கொழுந்து பறிக்கும் பெண்கள்; மற்றவர்கள் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை (சிறிமா–சாஸ்திரி) ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைக்காமல், கிடைத்த சரிவில் குடிசை போட்டுக்கொண்ட குடும்பங்களும் எங்களோடு உண்டு.

1. பெருமழை பெய்தால் மண் சரியும், மண் சரிந்தால் உயிர் போகும் என்று இயற்கையின் மேல் பழியைப் போட்டுவிடுவது எளிது. ஆனால் இந்த மாவட்டத்தின் அனுபவமே அதை மறுக்கிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் ஏறத்தாழ அதே அளவு கொட்டியது. அவலாஞ்சியைச் சுற்றிக் காடும் அணையும்தான்; அங்கே மலை பல இடங்களில் பிளந்து இறங்கியபோதும், 2009-இல் நேர்ந்த உயிரிழப்போடு ஒப்பிட 2019-இன் இழப்பு மிகக் குறைவு. 2009-இல் மாவட்டம் முழுவதும் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பலர் சரிவில் கட்டிய வீட்டுக்குள்ளேயே புதைந்தவர்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் லைன் வீடுகளோடு மண்ணுக்குள் போன 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த லைன் வீடுகளை அந்த இடத்தில் கட்டியது அவர்கள் அல்லர். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் தோட்டப் பாடிகளில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) உறங்கியவர்களின் கதியும் தாங்கள் அறிந்ததே. மழை எல்லோருக்கும் பொதுவாகத்தான் பெய்கிறது, ஐயா. அது எங்கே பாய வேண்டும், அதன் வழியில் யார் படுத்திருக்க வேண்டும் என்பவற்றை மனிதர்கள்தாம் முடிவு செய்கிறார்கள்.

2. எங்களை எல்லாவற்றையும்விட வதைப்பது படிக்கட்டு. இதைத்தான் ஒவ்வொரு மனுவிலும் எழுதினோம்; ஒவ்வொரு முறையும் வேறு எதற்கோ பதில் வந்தது.

குடியிருப்பிலிருந்து சாலைக்கு ஏறுவதற்கு அந்தப் படிக்கட்டைத் தவிர வழி இல்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் தனியார் தோட்டத்தின் முள்வேலி. சாலையை அகலப்படுத்தியபோது மேலே இருந்த பழைய வடிகால் மூடப்பட்டது. வளைவுக்கு அப்பால் உள்ள விடுதிகளின் கூரைத் தண்ணீரும், வாகன நிறுத்தத்தின் தண்ணீரும், சாலையின் தண்ணீரும் சேர்ந்து ஒரே சிறுபாலத்தின் வழியாகக் கடத்தப்பட்டன. அந்தச் சிறுபாலத்தின் வாய் எங்கள் முதற்படிக்கு நேராகத் திறந்திருக்கிறது. வெயில் காலத்தில் படிக்கட்டு எங்களுக்கு வழி. மழை வலுத்துவிட்டால் அதுவே ஓடை. எந்த நேரத்தில் மேலே ஏறித் தப்பிக்க வேண்டுமோ அந்த நேரத்தில்தான் எங்கள் வழியில் தண்ணீர் முழங்கால் அளவுக்குக் கல்லும் கிளையும் புரட்டிக்கொண்டு இறங்குகிறது.

இதைத் தாங்கள் மழை நாளில் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். கீழ்ப்பகுதிப் படிகள் அரித்துப்போய், சிமெண்டு பெயர்ந்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பிடிக் கம்பி போன இடத்தில் நாங்களே மூங்கிலைக் கட்டியிருக்கிறோம். அது ஒரு மழைக்குத் தாங்கும், அடுத்த மழைக்குத் தாங்காது. விளக்குக் கம்பம் மேலே சாலையோரத்தில் இருக்கிறது, அதன் வெளிச்சம் பாதிப்படி வரைகூட எட்டாது. சென்ற மழையில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பாட்டியைக் கம்பளியில் கிடத்தி, இருபக்கமும் மூங்கிலில் கட்டி, நான்கு பேர் அந்தத் தண்ணீருக்குள் ஏறினார்கள். முன்னால் பிடித்தவருக்குக் கால் வழுக்கியது. பாட்டி பிழைத்தார், பிடித்தவருக்கு இன்றைக்கும் மூட்டை தூக்க முடியவில்லை, மண்டி வேலை போயிற்று, வீட்டில் ஒரே வருமானம் அதுதான். நிறைமாதப் பெண் ஒருத்தி அன்றிரவு ஏற முடியாது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள்; பின்சுவர் விரிசல் விட்டுக்கொண்டிருந்த வீடு அது. அவளுடைய மாமியார் விடியும்வரை அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அசைந்தால் தெரியும் என்பதற்காக. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மனு முடியாது.

மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் விரிசல் தெரிகிறது. அதற்குக் கீழே முன்பு தெளிவாக ஊறிய நீர் இப்போது செம்மண் கலந்து வருகிறது. இந்த மலையில் மக்கிய பாறைக்கு மேல் கனமாகச் செம்மண் கிடக்கிறது, அது ஊறி ஊறிப் பாரம் ஏறி, பிடிப்பு விட்டு, மொத்தமாக இறங்கும் என்பது மண்சரிவைப் பார்த்து வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். இதே சாலையில் மரப்பாலம் என்ற இடத்தில் 1993 நவம்பரில் இறங்கியதும் இப்படித்தான். இந்தச் சரிவுக்குள் சிறுபாலத்தின் தண்ணீரை மழைதோறும் இறக்கிக்கொண்டே இருந்தால் அது எத்தனை பருவமழை தாங்கும்? இதற்குப் பதில் சொல்ல ஒரு புவியியல் வல்லுநரையாவது அனுப்புங்கள் என்றுதான் கேட்டோம்.

3. படிக்கட்டைச் சீரமைக்க முடியாது என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்ட காரணம், எங்கள் இடம் ஓடைப் புறம்போக்கு என்பது. நாங்கள் வந்தபோது அங்கே ஓடை இல்லை. அறுபது வயதைக் கடந்தவர்கள் எல்லோரும் இதற்குச் சாட்சி சொல்வார்கள். சாலைத் தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகுதான் அங்கே தடம் விழுந்தது. ஊரின் தண்ணீரையெல்லாம் எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, தண்ணீர் ஓடுகிறது, ஆகவே இது ஓடை, ஆகவே நீங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொன்னால், ஐயா, நாங்கள் யாரிடம் போய் நியாயம் கேட்பது? வீட்டு வரி ரசீது வைத்திருக்கிறோம். மின் கட்டண அட்டை, ரேஷன் அட்டை, வாக்காளர் அடையாள அட்டை எல்லாம் இதே முகவரியில் இருக்கின்றன. வரி வாங்கும்போதும் வாக்குக் கேட்கும்போதும் நாங்கள் குடிமக்கள். படிக்கட்டுக் கேட்கும்போது மட்டும் ஆக்கிரமிப்பாளர்களா?

இதன் விளைவு பாதையோடு நிற்பதில்லை. 2022–26 ஆண்டுகளுக்கான பேரிடர் நிவாரண விதிமுறைகளின்படி மலைப்பகுதியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,30,000 ரூபாய் உண்டு. ஆனால் அந்த வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் உண்டு. குடிசை என்று எழுதிவிட்டால் 8,000 ரூபாய். பட்டா இல்லாதவன் வீடு அனுமதி பெற்றதாக எப்படி ஆகும்? தடுப்புச்சுவர் கட்டிக்கொள்ள வங்கியில் கடன் கேட்டால் அங்கேயும் பட்டாதான் கேட்கிறார்கள். இடிவதற்கு முன்னும் உதவி இல்லை, இடிந்த பின்னும் உதவி இல்லை. இரண்டுக்கும் ஒரே காகிதத்தைக் காரணம் காட்டுகிறார்கள். அந்தக் காகிதத்தைக் கொடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தாம்.

4. எச்சரிக்கை வருவதில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் மேலே சாலையில் போகிறது. தகரத்தில் மழை விழும் இரைச்சலில் கீழே ஒரு சொல்லும் கேட்பதில்லை.

5. "முகாமுக்குப் போகச் சொன்னோம், அவர்கள்தாம் வரவில்லை" என்று எங்கள் மேல் ஒரு குறை சொல்லப்படுகிறது. இது எங்களை மிகவும் நோகச் செய்த பேச்சு. மழையில் எந்த வழியாக முகாமுக்குப் போவது என்பதை மேலே சொல்லிவிட்டோம். அதையும் தாண்டிப் போனவர்களின் நிலையைக் கேளுங்கள்: பள்ளிக்கூட வகுப்பறையில் ஆண், பெண், கைக்குழந்தை எல்லோரும் ஒன்றாக, கழிப்பறை முற்றத்தைத் தாண்டி இருட்டில், வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகத் தாய்மார் அஞ்சுகிறார்கள். காலையில் தோட்டத்தில் நேரத்துக்குப் பேர் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை, மழை என்று சொன்னாலும் இல்லை. ஆடு, கோழி வைத்திருப்பவர் அவற்றை எங்கே விடுவார்? போதாததற்கு, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனால் பொக்லைன் கொண்டுவந்து இடித்துவிடுவார்கள் என்ற அச்சம் வேறு. அந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததில்லை. மழைக்கு மறுநாள் எங்கள் சுவர்களில் சிவப்பு மையில் எண் எழுதிவிட்டுப் போனவர்கள், எதற்கு எழுதுகிறோம் என்று சொல்லவில்லை. நாங்கள் கேட்டோம். பதில் இல்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, வரவில்லை என்று எங்களையே சொல்லலாமா? எங்களுக்கு உயிர்மேல் ஆசை இல்லையா?

6. மாற்று வீடு என்று காட்டப்பட்ட இடம் தொலைவில் உள்ளது. காலை வேலைக்கு வந்துசேரப் பேருந்து இல்லை. வேலைக்கு எட்டும் தொலைவில் பாதுகாப்பான இடம் தந்தால் இந்தச் சரிவில் ஒரு நாள்கூட இருக்க எங்களுக்கு விருப்பமில்லை.

ஐயா, மாவட்ட நிர்வாகம் அறிவித்த 283 அபாயப் பகுதிகளின் பட்டியலில் நம் மாவட்டத்தின் எத்தனையோ சரிவுகள் உள்ளன என்பதையும், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் நிதி கிடைக்காது என்பதையும் நாங்கள் உணர்ந்தே எழுதுகிறோம். ஆயினும் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 30 அபாயப் பகுதிகளைக் கண்டறிந்து முன்கூட்டியே தடுப்பு நடவடிக்கை எடுக்கும் பொறுப்பை மாவட்ட ஆணையத்துக்குத்தான் தந்திருக்கிறது. நிவாரணம் வழங்குவதில் சாதி, சமூகம், வம்சாவளி பார்க்கக் கூடாது என்று பிரிவு 61 சொல்கிறது. சட்டம் எங்களை விலக்கவில்லை, ஐயா. புறம்போக்கு என்ற ஒரு சொல்தான் எங்களை எல்லாத் திட்டங்களுக்கும் வெளியே நிறுத்தியிருக்கிறது.

எனவே சிறுபாலத்தின் நீரைக் கான்கிரீட் வடிகால் வழியே குடியிருப்பைத் தவிர்த்துக் கீழே உள்ள ஆற்றுக்குக் கொண்டுசெல்லவும், தண்ணீர் பாயாத பக்கத்தில் கைப்பிடிக் கம்பியும் விளக்கும் உள்ள தனிப் படிக்கட்டு அமைக்கவும், தொட்டியருகே உள்ள விரிசலைப் புவியியல் வல்லுநர் வந்து பார்த்து இங்கே இருக்கலாமா கூடாதா என்று எழுத்தில் சொல்லவும், இருக்கலாம் என்றால் பட்டாவும் கூடாது என்றால் அருகிலேயே மாற்று வீடும் வழங்கவும், குடியிருப்புக்குள்ளேயே ஓர் எச்சரிக்கை ஒலிபெருக்கி வைக்கவும், முகாமில் பெண்களுக்குத் தனி அறையும் அருகில் கழிப்பறையும் ஏற்பாடு செய்யவும் ஆணையிடுமாறு வேண்டுகிறோம்.

இவற்றில் சிலவற்றுக்குக் காலம் ஆகும் என்றால் பொறுத்துக்கொள்கிறோம். பட்டாவுக்கு இத்தனை ஆண்டுகள் பொறுத்தவர்கள் இன்னும் சில ஆண்டுகள் பொறுப்போம். படிக்கட்டுக்குப் பொறுக்க முடியாது. வடிகாலைத் திருப்புவதும் படிக்கட்டுக் கட்டுவதும் பெரிய திட்டமன்று; ஒரு பொறியாளரும் சில வார வேலையும் போதும். அக்டோபர் மழைக்கு முன் அதையாவது செய்து தாருங்கள். தாங்கள் ஒருமுறை மழை பெய்யும் நாளில் வந்து, சாலையில் நில்லாமல், அந்தப் படியில் இறங்கி எங்கள் வீடுவரை வந்து பார்க்குமாறு தங்களை மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். படிக்கட்டைத் தாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழ்ச்சரிவுக் குடியிருப்போர்
(கையொப்பங்களும் கைரேகைகளும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், வீட்டு வரி ரசீது நகல்கள், மழையின்போது படிக்கட்டில் எடுக்கப்பட்ட புகைப்படங்கள்.