வைட்சாப்பல் காகிதம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன் காவல்துறையின் பழைய காகிதம் எதையாவது வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தாத்தா போலீஸில் இருந்திருக்கலாம். நீங்களே ஏலத்தில் எடுத்திருக்கலாம். காப்பகத்திலிருந்து யாரோ சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தது கைமாறி உங்களிடம் சேர்ந்திருக்கலாம். எப்படி வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. 1888இல் கிழக்கு லண்டனில் நடந்த வைட்சாப்பல் கொலைகள், அதாவது ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகள், பற்றிய தாள் ஒன்றே ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், இந்தக் கொலைகள் பற்றிய போலீஸ் கோப்பான எம்.இ.பி.ஓ. 3/140ஐப் படிப்பவர்களுக்கு அதில் எத்தனை ஓட்டை என்பது தெரியும். எலிசபெத் ஸ்ட்ரைட் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 30, நள்ளிரவு 12.45 மணிவாக்கில், பெர்னர் தெருவில் ஒரு வாசலருகே ஒருவன் ஒரு பெண்ணைப் பிடித்துக் கீழே தள்ளியதை இஸ்ரேல் ஷ்வார்ட்ஸ் பார்த்தார். ஒரு மணிக்கு அந்த வாசலுக்குள்ளேயே ஸ்ட்ரைடின் உடல் கிடந்தது. ஷ்வார்ட்ஸ் ஆங்கிலம் தெரியாத ஹங்கேரிய யூதர். இருந்தும் போலீஸில் போய்ச் சொன்னார். அந்த வாக்குமூலம் இன்று இல்லை. தலைமை இன்ஸ்பெக்டர் டொனால்ட் ஸ்வான்சன் அக்டோபர் 19 அன்று எழுதிய அறிக்கையில் அதன் சுருக்கம் மட்டும் இருக்கிறது. அதன்படி, தெருவில் நின்ற இரண்டாவது ஆள் பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அக்டோபர் 1 ‘ஸ்டார்’ நாளிதழிலோ அந்த ஆள் கையில் கத்தியோடு பாய்ந்து வருகிறான். பைப்பா, கத்தியா? வேடிக்கை பார்த்தவனா, கூட்டாளியா? மூலத்தாள் கிடைத்தால் பாதிச் சண்டை அன்றைக்கே ஓய்ந்துவிடும்.

சில இழப்புகளுக்கு யாரையும் நோக முடியாது. கொல்லப்பட்ட இன்னொரு பெண்ணான கேத்தரின் எட்டோஸின் கொலை, லண்டனின் ‘சிட்டி’ பகுதிக்கென்று தனியாக இருக்கும் சிட்டி போலீஸின் எல்லைக்குள் நடந்தது. அவர்களுடைய காகிதங்களில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஆனால் சந்தேக நபர்கள் பற்றிய கோப்பு அப்படியா? 1970களில் அதைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர்கள் உண்டு. அதற்கு அப்புறம்தான் காணாமல் போனது. அது தானாக நடந்து போயிருக்காது.

பயப்படாதீர்கள், இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற கையெழுத்தோடு வந்த அந்தப் பிரபலமான ‘டியர் பாஸ்’ கடிதமே கோப்பிலிருந்து மாயமாகி, 1987இல் க்ராய்டன் அஞ்சல் முத்திரையோடு ஸ்காட்லாந்து யார்டுக்குத் திரும்பி வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. அதே ஆண்டில்தான் ஸ்வான்சன் தன்னிடமிருந்த ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகளும் குடும்பத்தார் மூலம் வெளியே வந்தன. சந்தேக நபராக ‘கோஸ்மின்ஸ்கி’ என்ற பெயரை அவரே எழுதியிருப்பதை அதில்தான் பார்த்தோம். அந்தக் குடும்பத்துக்கு நன்றி.

வருடத்துக்கு ஒருவர் ‘கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டேன்’ என்று கிளம்புகிறார். எனக்கு அதில் ஆர்வமே போய்விட்டது. புதுப் பெயர் யாருக்கு வேண்டும்? பழைய தாள்தான் வேண்டும். ஐந்து பெண்கள் அந்த இலையுதிர்காலத்தில் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களைக் கடைசியாகப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது உங்கள் அலமாரியில் கிடக்கலாம்.

கொடுக்க மனம் வராவிட்டால் படமாவது எடுத்து அனுப்புங்கள். இரண்டு பக்கத்தையும் எடுங்கள். பின்பக்கத்தில் தேதியோ முத்திரையோ இருக்கலாம். லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். கியூவுக்கு அனுப்பும்போது உறையில் உங்கள் முகவரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
அந்தக் கோப்புகளை விடாமல் படிக்கும் ஒருவன்