புதிதாக வருபவருக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்: லினக்ஸ் பயனர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் லினக்ஸ் பயனர் குழுக்களில் இயங்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

சிவகாசிப் பக்கம் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்களைப் போல நிரல் எழுதத் தெரிந்தவன் அல்ல. ராம் மாற்றுவது, எஸ்எஸ்டி போடுவது, ஓஎஸ் (இயங்குதளம்) ஏற்றுவது, இதுதான் பிழைப்பு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. "இதுல விண்டோஸ் 11 ஏறுமாண்ணே?" என்கிறார்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லையென்றால், இன்டெல் சிப் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதென்றால், முறைப்படி ஏறாது. எங்கள் பக்கத்து வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் இருப்பதோ நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், ஒரு பழைய வன்தட்டு. அடுத்த கேள்வி, "அப்போ லினக்ஸ் போடலாமா? எந்த லினக்ஸ்?" விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ், டிஸ்ட்ரோ எனப்படும் பல தொகுப்புகளாக வருவதால்தான் இந்தக் கேள்வி. விவரம் தெரிந்துகொள்ளட்டும் என்று இவர்களில் சிலரை உங்கள் குழுக்களுக்கு அனுப்பிவைத்தேன். போனதைவிடக் குழம்பித் திரும்பி வந்தார்கள். அதனால்தான் இந்த மடல்.

அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் உபுண்டு என்கிறார், அடுத்தவர் ஃபெடோரா, இன்னொருவர் டெபியன்தான் நிலையானது என்கிறார். நாலாவது ஆள் மஞ்சாரோவை இழுக்கிறார். ஐந்தாவது ஆள் "முதலில் எந்த டெஸ்க்டாப் (திரைத் தோற்றம்) வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்" என்று எதிர்க்கேள்வி போடுகிறார். அப்புறம் பேச்சு, மென்பொருளை ஸ்னாப் முறையில் போடுவதா ஃபிளாட்பேக் முறையிலா என்று திரும்பி, உள்ளே சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி வரைக்கும் போய்விடுகிறது. பசிக்கிறது என்று வந்தவரை உட்காரவைத்து விதைநெல் வகைகளை விவாதிப்பது மாதிரி இருக்கிறது. கேட்டவர் எப்போது எழுந்து போனார் என்பதைக்கூட யாரும் கவனிப்பதில்லை.

என் கோரிக்கை இதுதான். புதிதாக வருபவருக்கு எல்லாக் குழுக்களும் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள். அது லினக்ஸ் மின்டாக இருக்கட்டும். 8 ஜிபி ராம் இருந்தால் சினமன் டெஸ்க்டாப் உள்ள பதிப்பு, 4 ஜிபி என்றால் அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதற்கு மேல் அந்த முதல் நாளில் எதுவும் வேண்டாம்.

ஏன் மின்ட்? இடது கீழ்மூலையில் மெனு, அடியில் பட்டி, வலது ஓரத்தில் கடிகாரமும் வைஃபையும். விண்டோஸ் 7இல் கை பழகியவர் எதையும் தேடித் திரிய வேண்டியதில்லை. 22ஆம் வரிசை 2024 ஜூலையில் வந்தது, 2029 வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். ஒரு குடும்பம் அதுவரை ஓஎஸ் பற்றி யோசிக்காமல் இருக்கலாம். கடைக்காரனாக எனக்குப் பெரிய விஷயம் கூடவே வரும் டைம்ஷிஃப்ட். ஏதாவது கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம், அதைப் போனிலேயே சொல்லிச் செய்யவைக்கவும் முடிகிறது. ஆனால் அது தானாக ஓடாது. நிறுவிய அன்றே அமைத்துக் கொடுக்க வேண்டும். நிறுவல் முகாம்களில் போட்டுக்கொடுத்த கணினிகள் சில என் கடைக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பாலும் இந்த ஒரு வேலைதான் விட்டுப்போயிருக்கிறது.

மின்டில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2016 பிப்ரவரியில் மின்ட் குழுவின் இணையதளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்புக்குப் பதிலாக, திருட்டுத்தனமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்த கோப்பு இறங்கும்படி செய்துவிட்டார்கள். மின்ட் குழு அதை மறைக்கவில்லை, உடனே வெளியில் சொன்னது. பென்டிரைவில் எழுதுவதற்கு முன்னால், இறக்கிய கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்ப்புத் தொகையை (செக்சம்) வைத்துப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அந்த வேலையைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள். சரிபார்த்து எழுதிய பென்டிரைவை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

உபுண்டு ஆட்களோடு எனக்குச் சண்டை கிடையாது, மின்டின் அடித்தளமே உபுண்டுதானே. ஆனால் 4 ஜிபி கணினியில் அதன் டெஸ்க்டாப்பான க்னோம் மூச்சு வாங்குகிறது. ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்பாக வருவதால், பழைய வன்தட்டில் அது முதல் தடவை திறப்பதற்குள் ஆள் இரண்டு தரம் சொடுக்கிவிடுகிறார். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போடுங்கள். இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதம்தான் ஆதரவு, ஒரு பள்ளி ஆண்டுகூடத் தாங்காது. ஃபெடோரா நல்ல சரக்குதான், ஆனால் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம். சோரின் பார்க்க அழகு. ஏற்கெனவே அதைப் போட்டு நிம்மதியாக இருப்பவரை மாற்றச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் கையாலேயே அமைக்க வேண்டிய ஆர்ச் டிஸ்ட்ரோ பற்றி ஒரு வார்த்தை: அதன் உதவிப் பக்கங்களான ஆர்ச் விக்கி இல்லாமல் என் கடையே ஓடாது. அதற்காக ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு ஆர்ச்சைப் பரிந்துரைக்க முடியுமா?

இன்னொன்று. 4 ஜிபி கணினிக்கு எந்த டிஸ்ட்ரோ வேகம் என்று மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். சுழலும் வன்தட்டைக் கழற்றி ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகத்துக்கு முன்னால் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. 32 பிட் மட்டும் ஓடும் பெட்டிகளை ஒதுக்கிவிடுங்கள். டெபியனே 13ஆம் பதிப்பிலிருந்து அவற்றுக்கு நிறுவல் நிரல் தருவதில்லை.

சரி, பெயர் முடிவாகிவிட்டது. உண்மையான பாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதைப் பற்றித்தான் குழுக்களில் பேச்சே இல்லை.

முதலில் தமிழ்த் தட்டச்சு. நிறுவி முடித்ததும் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருப்பதைக் காட்டி வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் போடும் அமைப்பு. உண்மையான தமிழ்99 விசைப்பலகை முறையில் க-வை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழ வேண்டும், அது இங்கே விழாது. பழகியவர் இரண்டே வரியில் "இது சரியில்லை" என்று விட்டுவிடுவார். ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருளையும், பல தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் போட்டு, அதிலுள்ள தமிழ்99ஐத் தேர்ந்துகொடுக்க வேண்டும். தட்டச்சுப் பயிலகத்தில் படித்துத் தேர்வு எழுதியவர்களுக்கு அதே தொகுப்பில் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பும் இருக்கிறது. அதைக் காட்டினால் பெரியவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம். இப்படி ஒன்று இருப்பதே உங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது என்பது என் சந்தேகம், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் ஆங்கில ஒலிப்பில்தான் தட்டுகிறீர்கள்.

அடுத்து எழுத்துரு. இங்கே எந்தக் கடையின் பழைய கடிதத்தைத் திறந்தாலும் யூனிகோடு அல்லாத பாமினியோ வானவில்லோதான். கடிதம் எழுதும் மென்பொருளான லிப்ரே ஆஃபிஸில் அது ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், உடனே "லினக்ஸில் தமிழ் வராது" என்று முத்திரை குத்திவிடுவார்கள். அந்த எழுத்துருக் கோப்புகளை விண்டோஸை அழிக்கும் முன்பே எடுத்து வைத்து, புதிய கணினியில் போட்டுவிட்டால் பழைய கடிதங்கள் தெரியும். ஐந்து நிமிட வேலை. விண்டோஸை அழித்த பிறகு ஞாபகம் வந்தால் அரை நாள் வேலை.

அச்சுப்பொறிக்கு வருகிறேன். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி கண்ணில் படுவது கேனன் எல்பிபி 2900. அது கேப்ட் என்ற தன் சொந்த நெறிமுறையில்தான் பேசும், பொதுவான டிரைவர் அதனிடம் எடுபடாது. எச்பி லேசர்ஜெட் 1020 வேறு ரகம். ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தன் உள் நிரலான ஃபர்ம்வேரைக் கணினியிடமிருந்து வாங்கிக்கொள்ளும், எச்பியின் லினக்ஸ் டிரைவரான எச்பிலிப்பைப் போட்டால் அதன் தனிப் பிளக்இன்னையும் இறக்க வேண்டும். பிணையத்தில் இணையும் புதிய அச்சுப்பொறிகள் பல டிரைவரே இல்லாமல் மின்டில் ஓடுகின்றன. ஆனால் பழைய கணினியோடு வருபவரிடம் இருப்பது பழைய அச்சுப்பொறிதானே. "என்ன பிரிண்டர் வைத்திருக்கிறீர்கள்?" என்ற கேள்வியை டிஸ்ட்ரோ பெயருக்கு முன்னால் கேளுங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுபவர்களுக்கு இரண்டு தொல்லை. விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும், கணினியின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை எழுதிவைப்பதால். விண்டோஸின் வேகத் தொடக்கத்தை (ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்) அணைக்காவிட்டால், லினக்ஸிலிருந்து விண்டோஸ் இருக்கும் வன்தட்டுப் பகுதியில் எதையும் எழுத முடியாமல் போகும். இரண்டுக்கும் தீர்வு ஒற்றை வரிதான், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டெர்மினலில் ஒரு கட்டளையை ஒட்டச் சொல்லும்போது அது என்ன செய்யும் என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் நல்லது. முழு நிர்வாக உரிமை தரும் சூடோ என்ற சொல்லோடு தொடங்கும் எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டும் பழக்கத்தை நாமே கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சிலரிடம் "வேண்டாம்" என்று சொல்லவும் வேண்டும். டாலியில் கணக்கு எழுதுபவருக்கு விண்டோஸ்தான். எங்கள் ஊர் டிடிபி (அச்சுப் பக்க வடிவமைப்பு) ஆட்களில் சிலர் 2001இல் 7ஆம் பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கரில் இன்னும் வேலை பார்க்கிறார்கள், கோரல்டிரா இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அவற்றுக்குப் பதிலாக லினக்ஸில் ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப் இருக்கின்றன என்று அவர்களிடம் கொள்கை பேசாதீர்கள். அச்சகத்துக்குப் போக வேண்டிய கோப்பு மாலைக்குள் முடிய வேண்டும், அவருக்கு அது கூலி. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் நிரலில் ஓட்டிக்காட்டுகிறேன் என்று கிளம்பிய ஒரு தம்பியால் எனக்கு ஒரு வாடிக்கையாளரே போனார். மாறாக, பிரவுசர், யூடியூப், கடிதம், பிள்ளைகளின் வகுப்பு, மின்கட்டணம் என்று இருப்பவர்கள் ஏராளம். அவர்களைத்தான் நாம் தேடிப்போக வேண்டும்.

2011இல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது. பல லட்சம் பிள்ளைகள் கையில் லினக்ஸ் போய்ச் சேர்ந்த தருணம் அது. அந்த மடிக்கணினிகள் பழுதுக்கு வரும்போது கேட்டிருக்கிறேன், பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. டெபியனை அடித்தளமாகக் கொண்ட அந்த ஓஎஸ் மோசமானதாக இருந்ததால் அல்ல. அதைத் திறந்து "இது இப்படி" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. கேரளத்தில் பள்ளிகளுக்கென்று உபுண்டு அடிப்படையில் ஒரே ஒரு தொகுப்பு. பாடப்புத்தகமும் அதை ஒட்டி, ஆசிரியர் பயிற்சியும் அதில். அங்கே எந்த டிஸ்ட்ரோ என்ற கேள்வி பிள்ளைகளுக்கு எழுவதே இல்லை.

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. உங்களால் முடிந்தது இது: ஒரு பெயர், அதற்கு எல்லாக் குழுக்களும் சேர்ந்து எழுதிய தமிழ் வழிகாட்டி நாலு பக்கம், அதில் மேலே சொன்ன தட்டச்சு, எழுத்துரு, அச்சுப்பொறிச் சமாசாரங்கள். நிறுவிக்கொடுத்தவரின் போன் எண்ணை முதல் ஒரு மாதத்துக்கு அந்த வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும். ஆறு மாதம் கழித்து அவரே "வேறு என்னென்ன இருக்கிறது?" என்று கேட்பார். அப்போது ஆர்ச், ஃபெடோரா, சிஸ்டம்டி எல்லாவற்றையும் ஆசைதீரப் பேசுங்கள். டீ என் செலவு.

எங்கள் ஊரிலும் ஒரு நிறுவல் முகாம் போடுங்கள். இடமும் மின்சாரமும் என் பொறுப்பு. தீபாவளிக்கு முன்னால் வேண்டாம், பட்டாசு, காலண்டர் வேலையில் இங்கே யாருக்கும் நிமிர நேரமிருக்காது. தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். வரும்போது எல்பிபி 2900ஐ மின்டில் ஓடவைத்த அனுபவம் உள்ள ஒருவரையாவது மறக்காமல் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவன் ஒருவன்,
சிவகாசி வட்டாரம்.